நான்கு ஆர்டர்களும் நிறுவனரின் தூக்கமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வணிகப் பக்கங்களில் புத்தொழில் நிறுவனங்களைப் பற்றி வரும் கட்டுரைகளைத் தொடர்ந்து படித்து வருபவன் நான். சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பதும் ஆண்டு இறுதியில் அவற்றின் வரவு செலவைச் சரிபார்ப்பதும் என் தொழில். ஆகவே அந்தக் கட்டுரைகளில் வரும் நிறுவனர்களைப் போன்றவர்களை, பேட்டி கொடுக்கும் நாளில் அல்லாமல், வங்கிக் கணக்கு விவரத்தை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு சம்பளத் தேதிக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று விரல்விட்டு எண்ணும் நாளில் பார்க்கும் வாய்ப்பு எனக்கு அமைந்திருக்கிறது. அதை வைத்து ஒரு குறையைச் சொல்லவே இக்கடிதம்.

முதலீடு வந்து சேர்ந்தால் அது செய்தியாகிறது. நிறுவனத்தை இழுத்து மூடினாலும் செய்தியாகிறது. இவ்விரண்டுக்கும் இடையில் கழியும் ஆண்டுகளைப் பற்றி எழுத நேரும்போது, விடாமுயற்சி என்றும் மன உறுதி என்றும் சொல்லிவிட்டுக் கட்டுரை அடுத்த பத்திக்குப் போய்விடுகிறது. மனம் தளராதவர் வென்றார், தளர்ந்தவர் தோற்றார் என்ற எண்ணமே வாசகருக்கு மிஞ்சுகிறது. இது எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு சிறு நிறுவனத்தை வளர்ப்பவரின் மனம் ஒரு வாரம் வானத்தில் பறப்பதற்கும் மறுவாரம் தரையில் விழுவதற்கும் அவருடைய குணத்தைவிடப் பெரிய காரணம், அவர் தினந்தோறும் பார்க்கும் எண்கள் மிகச் சிறியவை என்பதுதான். சற்றுக் கணக்குப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும்.

மாதத்திற்குச் சராசரியாக 4 ஆர்டர் பெறும் ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். பொருளின் தரம் மாறவில்லை, விலை மாறவில்லை, சந்தையும் அப்படியே இருக்கிறது. அப்படியிருந்தும் எல்லா மாதமும் 4 ஆர்டர் வந்துவிடாது. ஒன்றையொன்று சாராமல் தற்செயலாக நேரும் நிகழ்வுகளின் எண்ணிக்கை எந்த அளவு கூடும், குறையும் என்பதற்குப் பிரெஞ்சுக் கணித அறிஞர் பாய்சான் 1837இல் ஒரு வாய்பாட்டைத் தந்தார். அதன்படி, வழக்கமான ஏற்ற இறக்கம் சராசரியின் வர்க்கமூலம் அளவுக்கு இருக்கும். மாதம் 400 ஆர்டர் வாங்கும் பெரிய நிறுவனத்திற்கு அது 20, அதாவது 5 சதவீதம், யாரும் பொருட்படுத்தமாட்டார்கள். மாதம் 4 ஆர்டர் வாங்கும் நிறுவனத்திற்கோ அது 2, அதாவது சரிபாதி. ஏறத்தாழ நான்கில் ஒரு மாதம் 2 அல்லது அதற்கும் குறைவான ஆர்டர்தான் வரும். ஐந்தில் ஒரு மாதம் 6 அல்லது அதற்கு மேல் வரும். இவை எதற்கும் தனியாக ஒரு காரணம் தேவையில்லை. ஆனால் நிறுவனர் காரணம் தேடாமல் இருப்பதில்லை. 6 வந்த மாதத்தில் தம் பொருள் சந்தையைப் பிடித்துவிட்டது என்று நம்புகிறார். 2 வந்த மாதத்தில் எல்லாம் முடிந்துவிட்டது என்று நம்புகிறார்.

இந்த வாய்பாடு வெறும் ஏட்டுச் சுரைக்காய் என்று நினைப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். பிரஷ்யப் படையில் குதிரை உதைத்து இறந்த வீரர்களின் இருபது ஆண்டுக் கணக்கை எடுத்து, அதற்கு இந்த வாய்பாடு பொருந்துகிறதா என்று போர்ட்கீவிச் என்ற புள்ளியியலாளர் 1898இல் ஆராய்ந்தார். ஒரு படைப்பிரிவில் சில ஆண்டுகளில் ஒருவர்கூட இறக்கவில்லை, சில ஆண்டுகளில் மூன்று நான்கு பேர் இறந்திருந்தனர். தளபதி மாறியதாலோ குதிரைகளின் குணம் கெட்டதாலோ வந்த வேறுபாடாக அது தெரியவில்லை, வாய்பாடு சொல்லிய அளவிலேயே இருந்தது. புத்தொழிலைப் பற்றிய கடிதத்தில் குதிரை எங்கிருந்து வந்தது என்று தாங்கள் வியக்கலாம். நான்கு பேர் இறந்த ஆண்டில் அந்தப் படைப்பிரிவின் தலைவர் எத்தனை விளக்கக் கடிதம் எழுத வேண்டியிருந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. முதலீட்டாளருக்கு மாத அறிக்கை எழுதும் நிறுவனரின் நிலையும் ஏறத்தாழ அதுதான். உண்மையில் அவர் நிலை இன்னும் ஒரு படி மோசம். ஆர்டர்கள் முற்றிலும் தனித்தனியாக வருவதில்லை. ஒருவர் சொல்லி இன்னொருவர் வருகிறார், ஒருவர் விலகினால் அவர் பேச்சைக் கேட்டு வந்தவரும் விலகுகிறார். ஆதலால் ஏற்ற இறக்கம் வாய்பாடு சொல்வதைவிட அதிகமாகவே இருக்கும்.

இத்துடன் மனித மனத்தின் இயல்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இழப்பால் வரும் வலி, அதே அளவு லாபத்தால் வரும் மகிழ்ச்சியைவிடப் பெரியது என்பதை டேனியல் கானெமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் 1979இல் வெளியிட்ட ஆய்வில் விளக்கினர். 1992இல் அவர்களே அதை அளந்து, ஏறத்தாழ இரண்டேகால் மடங்கு என்று மதிப்பிட்டனர். ஏறியதும் இறங்கியதும் சமமாக இருந்தாலும் மனக்கணக்கில் மிஞ்சுவது துயரமே என்பது இதிலிருந்து தெரிகிறது. எத்தனை முறை எண்ணைப் பார்க்கிறோமோ அத்தனை முறை இந்த வலி நேர்கிறது. பங்குச் சந்தை முதலீட்டாளர்களைப் பற்றி ரிச்சர்டு தாலரும் ஷ்லோமோ பெனார்ட்சியும் 1995இல் சொன்னது இதைத்தான்: தம் முதலீட்டின் மதிப்பை அடிக்கடி பார்ப்பவர் அதிக இழப்புகளைக் காண்கிறார், அதனாலேயே அதிகம் அஞ்சுகிறார்.

இப்போது நிறுவனரின் கையிலிருக்கும் செல்பேசியை நினைத்துப் பாருங்கள். மாதம் 4 ஆர்டர், 25 வேலை நாள் என்று வைத்துக்கொண்டால், அவற்றில் ஏறத்தாழ 21 நாள் ஆர்டரே இல்லாத நாளாகத்தான் இருக்கும். எந்தக் குறையும் இல்லாத ஒரு சாதாரண மாதத்திலேயே, விற்பனை எண்களைக் காட்டும் டாஷ்போர்டைத் தினமும் திறந்து பார்ப்பவருக்கு 21 ஏமாற்றங்கள் காத்திருக்கின்றன. அவர் நாளைக்கு ஒரு முறையோடு நிறுத்துவதும் இல்லை. என்னிடம் கணக்குக் காட்ட வந்து உட்காரும் நிறுவனர் ஒருவர், நான் ஒரு பில்லைப் புரட்டி அடுத்த பில்லுக்குப் போவதற்குள் செல்பேசியைத் திருப்பிப் பார்ப்பார்; திரையில் ஒன்றும் இல்லை என்றதும் அதைக் குப்புற வைப்பார்; அரை நிமிடத்தில் மறுபடியும் திருப்புவார். அவரிடம் பொறுமையாக இருங்கள் என்று சொல்லிப் பயனில்லை. மூன்று மாத எண்களைச் சேர்த்து ஒரே எண்ணாகப் பார்த்தால் ஏற்ற இறக்கம் 50 சதவீதத்திலிருந்து 30 சதவீதத்திற்குக் கீழே வந்துவிடும், ஓராண்டைச் சேர்த்துப் பார்த்தால் 15 சதவீதத்திற்கும் கீழே வந்துவிடும் என்று எழுதிக் காட்டினேன். தினசரி எண் வேறொருவர் திரைக்குப் போகும்படி மாற்றி வைத்துக்கொண்டார். இப்போது தூங்குகிறார் என்று சொல்லமாட்டேன்; முன்பைவிடத் தூங்குகிறார்.

எல்லா வீழ்ச்சியும் தற்செயல் என்று நான் வாதிட வரவில்லை. வெவ்வேறு வாடிக்கையாளர்கள் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே காரணத்தைச் சொல்லி விலகினால், அது பொருளில் இருக்கும் கோளாறு; அதைக் கேட்காமல் காதைப் பொத்திக்கொள்வது நிறுவனத்தைக் கொன்றுவிடும். எண் குறைந்ததற்காகப் பதறுவதைவிட, விலகியவரிடம் ஏன் விலகினீர்கள் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்வது பலன் தரும் என்பதே நான் சொல்ல வருவது. பதற்றத்தில் இருப்பவர் அந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை, பதிலைக் கேட்கும் தெம்பு அவரிடம் இருப்பதில்லை.

துயரத்தைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். நான் பார்க்கும் கணக்குப் புத்தகங்களில் அதிகச் செலவு வைப்பது மகிழ்ச்சிதான். இறக்கத்தில் இருக்கும் நிறுவனர் செலவைச் சுருக்குகிறார், புதிதாக எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை. பல நேரம் அது நிறுவனத்திற்கு நல்லதாகவே முடிகிறது. ஏற்றத்தில் இருப்பவரோ மூன்று ஆண்டுக்குப் பெரிய அலுவலகம் வாடகைக்கு எடுக்கிறார், இன்னும் வராத வேலைக்கு இரண்டு பேரைச் சேர்க்கிறார், விளம்பரத்திற்கு முன்பணம் கொடுக்கிறார். 6 ஆர்டர் வந்த மாதம் தற்செயலாக வந்தது. வாடகை ஒப்பந்தம் தற்செயலாக முடியாது. கையெழுத்து வேண்டிய எந்தச் செலவையும் நல்ல செய்தி வந்த நாளிலிருந்து மூன்று வாரம் தள்ளிப்போடுங்கள் என்று நான் சொல்வதுண்டு. சிலர் கேட்பார்கள். பலர், இப்போது தயங்கினால் வாய்ப்புப் போய்விடும் என்பார்கள்.

வளர்ச்சியே பணமுடையைக் கொண்டுவருகிறது என்பது வெளியில் இருப்பவர்களுக்குப் புரிவது இன்னும் கடினம். ஒரு நிறுவனம் முதல் மாதம் 100 ரூபாய்க்கு விற்கிறது, அதற்கான செலவு 80 ரூபாய், அதை அந்த மாதமே கொடுத்துவிட வேண்டும். வாடிக்கையாளர் பணம் தருவதோ 90 நாள் கழித்து. விற்பனை மாதாமாதம் ஒன்றரை மடங்காகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் மாதம் 150க்கு விற்பனை, 120 செலவு. மூன்றாம் மாதம் 225க்கு விற்பனை, 180 செலவு. மூன்று மாத முடிவில் ஏட்டில் லாபம் 95 ரூபாய். கையிலிருந்து போயிருப்பது 380 ரூபாய், வந்திருப்பது ஒன்றுமில்லை. நான்காம் மாதம் முதல் 100 வரும்போது, அந்த மாதச் செலவு மட்டும் 270 ஆகியிருக்கும். நண்பர்கள் கைகுலுக்கி வாழ்த்தும் அதே வாரத்தில்தான் நிறுவனர் சம்பளத்துக்குக் கைமாற்று கேட்டு அலைகிறார். விற்பனை பெருகியதால் பணம் தீர்ந்தது என்று சொன்னால் வீட்டிலும் நம்பமாட்டார்கள், வங்கியிலும் சந்தேகமாகப் பார்ப்பார்கள். வெற்றியும் பீதியும் ஒரே நாளில் ஒரே மனிதரிடம் குடியிருப்பதற்குக் காரணம் அவர் மனத்தில் இல்லை, அந்த 90 நாளில் இருக்கிறது.

அந்த 90 நாளை நிர்ணயிப்பவர் பெரும்பாலும் பெரிய நிறுவனம். சிறு நிறுவனத்தின் பில்லை ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு அனுப்பிக்கொண்டிருப்பதால் பெரிய நிறுவனத்திற்கு எந்தச் சேதமும் இல்லை. தாமதத்திற்கு வட்டி கேட்கும் உரிமை பல நாட்டுச் சட்டங்களில் உண்டு. கேட்டால் அடுத்த ஆர்டர் வராது என்ற அச்சத்தில் சிறியவர் கேட்பதில்லை. புத்தொழில்களை ஊக்குவிப்பதாக மேடையில் பேசும் நிறுவனங்கள் தங்கள் பாக்கியை 30 நாளில் தீர்த்தாலே, ஊக்கமூட்டும் சொற்பொழிவுகளில் பாதி தேவைப்படாது.

ஆட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான்கு பேர் இருக்கும் அலுவலகத்தில் இருவர் இருவராகப் பேசிக்கொள்ளக்கூடிய இணைப்புகள் 6. பன்னிரண்டு பேரானால் 66. மென்பொருள் பணிகளைப் பற்றி ஃபிரெடரிக் புரூக்ஸ் 1975இல் இந்தக் கணக்கைச் சுட்டிக்காட்டினார். ஆள் மூன்று மடங்கானால் பேச்சு பதினொரு மடங்காகிறது என்பதை நிறுவனர் முதலில் களைப்பாக உணர்கிறார், பிறகு ஒருவித அந்நியத்தன்மையாக உணர்கிறார். முன்பு ஒவ்வொரு வாடிக்கையாளரின் குரலும் அவருக்குத் தெரியும். இப்போது தம் அலுவலகத்தில் எடுக்கப்பட்ட முடிவை அடுத்தவர் சொல்லித் தெரிந்துகொள்கிறார். இதைவிட வலிப்பது முதல் ஊழியரின் விஷயம். பில் போடுவதிலிருந்து இரவில் வாடிக்கையாளரின் கோபத்தைத் தணிப்பதுவரை எல்லாவற்றையும் செய்த ஒருவருக்கு மேல், அந்தத் துறையில் பயின்ற ஒரு மேலாளரை நியமிக்க வேண்டிய நாள் வருகிறது. நிறுவனர் அதை அவரிடம் சொல்வதை வாரக்கணக்கில் தள்ளிப்போடுகிறார். சம்பளப் பட்டியலில் புது மேலாளரின் பெயரை எங்கே எழுதுவது, முதல் ஊழியரின் பெயருக்கு மேலா கீழா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. வேலையில் சேர்ந்த தேதிப்படி எழுதுங்கள் என்றால் அவர்கள் முகத்தில் தெரியும் நிம்மதியைப் பார்க்க வேண்டும்.

இவற்றை யாரிடம் சொல்வது? ஊழியரிடம் சொன்னால் வேறு வேலை தேடத் தொடங்குவார். முதலீட்டாளரிடம் சொன்னால் அடுத்த தவணை சந்தேகமாகும். கூட்டாளியிடம் சொல்லலாம், அவரும் அதே பயத்தில் இல்லாவிட்டால். குடும்பத்தாரிடம் சொல்லலாம், வங்கிக் கடனுக்கு வீட்டை ஈடாக எழுதிக் கொடுத்திராவிட்டால். நிறுவனத்தின் கடனுக்கு நிறுவனர் சொந்தப் பிணை கொடுத்துவிட்ட பிறகு, நிறுவனம் வேறு, தான் வேறு என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்ற அறிவுரைக்குப் பொருளே இல்லை; அந்தக் கடனுக்குச் சட்டப்படியே அவரும் பொறுப்பாளியாகிவிட்டார். வீட்டை அடமானம் வைத்துத் தொழில் தொடங்கியதைத் துணிச்சல் என்று புகழும் வரிகளைத் தங்கள் கட்டுரைகளிலிருந்து நீக்கினால் நன்றியுடையவனாவேன். அப்படித் தொடங்கி வீட்டை இழந்தவர்களைத் தாங்கள் பேட்டி எடுப்பதில்லை.

கலிஃபோர்னியாவின் சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த மனநல மருத்துவர் மைக்கேல் ஃபிரீமனும் அவருடைய குழுவினரும் 2015இல் வெளியிட்ட ஆய்வில் கலந்துகொண்ட தொழில்முனைவோரில் ஏறத்தாழ 30 சதவீதத்தினர் வாழ்நாளில் எப்போதாவது மனச்சோர்வு நோய்க்கு ஆளானதாகத் தெரிவித்தனர். தாமே சொன்னதை வைத்துச் செய்த ஆய்வு அது, கலந்துகொண்டவர்களும் சில நூறு பேர்தான். சிறு எண்ணிக்கையை நம்பாதீர்கள் என்று இவ்வளவு நேரம் எழுதிவிட்டு அதையே சான்றாகக் காட்டுவது முறையாகாது. ஆனாலும், தூக்கமின்மையும் எதிலும் பிடிப்பின்மையும் வாரக்கணக்கில் நீடிக்கும்போது அதைத் தொழிலின் இயல்பு என்று தாங்கிக்கொள்ளாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பதற்கு எந்த ஆய்வும் தேவையில்லை.

கடைசியாக, நிறுவன மதிப்பு என்று தாங்கள் தலைப்பில் போடும் எண். கடைசியாக விற்ற பங்கின் விலையால் மொத்தப் பங்குகளைப் பெருக்கினால் வருவது அது; எவர் கையிலும் இருக்கும் பணம் அன்று. முதலீட்டாளர்கள் பெரும்பாலும் முன்னுரிமைப் பங்குகளையே வாங்குவதால், நிறுவனம் குறைந்த விலைக்கு விற்கப்பட்டால் அவர்கள் போட்ட பணம் முதலில் அவர்களுக்குப் போகும், மிஞ்சினால்தான் நிறுவனருக்கு. செய்தி வெளியான மறுநாள் உறவினர்கள் கடன் கேட்டு வருகிறார்கள். அந்த நிறுவனரோ தம் நிறுவனத்தில் எவரையும்விடக் குறைந்த சம்பளத்தில் இருக்கிறார், அந்தச் சம்பளத்தையும் இரண்டு மாதமாக எடுத்திருக்கமாட்டார். இல்லாத செல்வத்திற்கு வாழ்த்துப் பெறுவது ஒருவரை எவ்வளவு தனிமைப்படுத்தும் என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். வாழ்த்து மடல்களுக்குப் பதில் எழுதிக்கொண்டே, மின்கட்டணத்தை அடுத்த வாரம் கட்டலாமா என்று என்னிடம் கேட்டார் ஒருவர்.

ஆகவே, அடுத்த முறை தங்கள் நிருபர் ஒரு நிறுவனரைப் பேட்டி காணும்போது, எப்படி மனம் தளராமல் இருந்தீர்கள் என்ற கேள்வியோடு வேறு சிலவற்றையும் கேட்கச் சொல்லுங்கள். வாடிக்கையாளர் எத்தனை பேர், அவர்களில் மிகப் பெரியவர் விலகினால் வருமானத்தில் எத்தனை பங்கு போகும்? பில் போட்ட நாளிலிருந்து பணம் வர எத்தனை நாளாகிறது? கடைசியாக எந்த மாதம் தம் சம்பளத்தை எடுத்தார்? வங்கியில் சொந்தப் பிணை கொடுத்திருக்கிறாரா? தொழில் தொடங்க நினைக்கும் இளைஞர் ஒருவர் அந்தப் பதில்களைப் படித்துவிட்டுத் தயங்கினால் அதில் தவறில்லை. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் கணக்குப்படி புதிய தொழில்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று முதல் ஆண்டுக்குள்ளும், பாதியளவு ஐந்து ஆண்டுகளுக்குள்ளும் மூடப்படுகின்றன. அந்தப் பாதியில் இருப்பவர்களிடமும் இதே கேள்விகளைக் கேட்டு, அதே பக்கத்தில், அதே அளவில் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
சிறு நிறுவனங்களின் கணக்காளர் ஒருவர்